உப்பளத்துப் படத்தில் ஒரு கையெழுத்து

“டீச்சர், படத்தப் பாத்த அத்தன பேரும் இது நீங்க எடுத்ததுன்னே சொல்லிட்டாங்க!”

அருணாசலக்கனிக்குப் பெருமை தாங்கவில்லை. தூத்துக்குடியில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். ஐம்பது வயதுக்கு மேல் கேமராவைத் தூக்கிக்கொண்டு, தன்னைவிடச் சின்னவளான ரோசிட்டாவிடம் படம்பிடிக்கக் கற்க வந்த மனுஷர். உப்பளம் என்றாலே ரோசிட்டாவின் படங்கள்தான் என்று ஊரில் பேச்சு.

மறுநாள் கண்காட்சி. அதில் அண்ணாச்சியின் முதல் படம் தொங்கப்போகிறது.

ரோசிட்டா படத்தை வாங்கிப் பார்த்தாள். பேனாவை எடுத்தாள். படத்தின் கீழே தன் கையெழுத்தைப் போட்டாள்.

அண்ணாச்சி பதறி எட்டிப் பார்த்தார்.

“என்ன டீச்சர், அநியாயமா இருக்கு! வெயில்ல வெந்து எடுத்தது நான்லா!”

“சரி அண்ணாச்சி. இதுல உங்களது எது? காட்டுங்க.”

“இந்த உப்புக் குவியல்...” என்று ஆரம்பித்தார். சாய்ந்த வெயிலில் பாதி வெள்ளை, பாதி நிழல். அது அவள் பாணி. விரலை எடுத்துக்கொண்டார்.

“இந்தக் கால்...” உப்பு வாருகிறவரின் முகமே காட்டாமல் கால் மட்டும். அதுவும் அவளுடையதுதான். நொந்துபோனார்.

விரல் படமெங்கும் அலைந்து ஒரு மூலையில் நின்றது. வரப்பின் மேல் ஒரு தூக்குவாளி, தெரிந்தும் தெரியாமலும்.

“இந்த மூலைய நீக்கிரலாம்னுதான் இருந்தேன். மனசு வரல.”

“ஏன்?”

“நம்ம கடை வாளி, டீச்சர். மூடியில பேரு வெட்டினது நான்தான். பேச்சித்தாய்னு. ‘நல்லாப் பெருசா வெட்டுங்க அண்ணாச்சி, தூரத்துல இருந்தே என்னோடதுன்னு தெரியணும்’னு பக்கத்துலயே நின்னு வாங்கிட்டுப் போச்சு, உப்பள வேலைக்குப் போற அந்தப் பிள்ளை.”

ரோசிட்டா கத்தரிக்கோலை எடுத்தாள். அந்த மூலையை மட்டும் நறுக்கி அண்ணாச்சியின் உள்ளங்கையில் வைத்தாள். மீதிப் படத்தைத் தன் மேஜை இழுப்பறைக்குள் போட்டு மூடினாள்.

கண்காட்சி போச்சு. ஆனாலும் அண்ணாச்சிக்குக் கோபம் வரவில்லை. அந்தத் துண்டைப் பார்க்கப் பார்க்க நெஞ்சு நிமிர்ந்தது. கேமராவைத் தோளில் மாட்டினார்.

“எங்க கிளம்பிட்டீங்க?”

“உப்பளத்துக்குத்தான்.”

“அது நான் எடுத்த எடமாச்சே?”

வாசலில் நின்று திரும்பினார்.

“நீங்க உப்பத்தான எடுத்தீங்க, டீச்சர்? பேச்சித்தாய் வாளிய இன்னும் ஒருத்தரும் எடுக்கல.”