ராஜாவின் கார்க் கண்ணாடி

வெண்கரை சமஸ்தானத்து ராஜா சுந்தர மழவராயருக்கு ராணிகள் இரண்டு பேர், கார் ஒன்று. இந்த மூன்று பேரில் யார் மேல் பாசம் அதிகம் என்று அரண்மனையில் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. பதில் தெரிந்தால் ராணிகள் கோபித்துக்கொள்வார்கள்.

அந்தக் காரின் முன்கண்ணாடியில் ஒருநாள் காலையில் கல் அடித்துவிட்டது. எதிரே வந்த பஸ்ஸின் சக்கரத்திலிருந்து தெறித்த கல். துவரம்பருப்பு அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்து, பக்கத்தில் மயிரிழை போல ஒரு கீறல். அதுவும் ராஜா உட்காரும் பக்கம், கீழ் ஓரத்தில்.

உடனே சபை கூடியது. திவான் ஆபத்சகாயம் எழுந்தார். பேர்தான் ஆபத்சகாயம்; ஆபத்து வந்தால் அந்த ஆபத்துக்குத்தான் சகாயம் செய்வார்.

"மகாராஜா! உடைஞ்சு பின்னமான விக்கிரகத்தைக் கோயில்ல வெச்சுப் பூஜை பண்ணுவாங்களா? ஆத்துல விட்டுட்டு வேற செய்வாங்க. பின்னமான கண்ணாடிக்குப் பின்னால நம்ம மகாராஜா உட்காரலாமா? புதுசு மாத்தணும். சீமையிலேர்ந்து கப்பல்ல வரட்டும்."

"வர எத்தனை நாளாகும்?"

"மாசக்கணக்குல ஆகும். அதுவரைக்கும் கார் ஷெட்டுல நிக்கட்டும். நிக்கிற காருக்கு டிரைவர் எதுக்கு? சவரிமுத்துவை இன்னைக்கே அனுப்பிடலாம்."

திவானின் மாப்பிள்ளை மதுரையில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். புதுக் கண்ணாடியோடு புது டிரைவரும் வந்து சேருவார் என்பது ராஜாவைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

விக்கிரகத்தையும் தன்னையும் ஒரே மூச்சில் சொன்னதில் ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"சரியான பேச்சு! பின்னப்பட்ட எதுவும் இந்த அரண்மனைக்குள்ள இருக்கக் கூடாது. சாயங்காலத்துக்குள்ள எல்லாம் வெளியே போகணும். தெய்வச்சிலை, இது உம்ம பொறுப்பு!"

தெய்வச்சிலை அரண்மனையின் விகடகவி. ராஜாவைச் சிரிக்க வைப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம். கோபத்தில் ராஜா போடும் உத்தரவுகளை அரை நாளாவது தள்ளிப்போடுவது சம்பளமில்லாத வேலை. சாயங்காலமே கெடு என்பதால் இன்றைக்கு அதற்கும் வழியில்லை. அவர் நேரே கார் ஷெட்டுக்குப் போனார்.

சவரிமுத்து காருக்கு அருகில் குந்தியிருந்தான்.

"அண்ணாச்சி, மூக்குக்கண்ணாடிக் கடை காதர் பாய்கிட்ட ஒரு பிசின் இருக்கு. இன்னைக்கே ஊத்தினா கீறல் அப்படியே நின்னுடும். விட்டா வெயில்ல ஓடி மொத்தக் கண்ணாடியும் போயிடும். இதைச் சொல்லப் போனா திவான் உள்ளேயே விடல. என் வீட்டுக்காரி பாத்திரத்தை எல்லாம் மூட்டை கட்டிட்டு அழுதுக்கிட்டு இருக்கா."

தெய்வச்சிலை குனிந்து சில்லைப் பார்த்தார். ஒரு பருப்பளவு சில்லுக்காக ஒரு குடும்பமே தெருவுக்கு வருவதா?

"மூட்டையை அவிழ்க்கச் சொல்லு. ரெண்டு மாட்டு வண்டியும் நாலு தடியன்களும் வேணும், பிடிச்சுக்கிட்டு வா. ராஜா உத்தரவை ஒரு எழுத்துப் பிசகாம நிறைவேத்தப் போறேன்."

மதியத் தூக்கம் கலைந்து வந்த ராஜா, வழக்கம்போல ஊஞ்சலில் உட்காரப் போனார். கூரையிலிருந்து கொக்கிதான் தொங்கியது.

"ஊஞ்சல் எங்கே ஓய்?"

"பலகையில வெடிப்பு, மகாராஜா. தச்சன் இரும்புப் பட்டை அடிச்சிருந்தான். வண்டியில ஏத்தியாச்சு."

"என் வெற்றிலைப் பெட்டி?"

"மூடியில ஓட்டை. வெள்ளியால பத்த வெச்சு அடைச்சிருக்கு. அதுவும் போயாச்சு."

வாசலில் மணிச்சத்தம் கேட்டது. ராஜா ஜன்னலுக்கு ஓடினார்.

"அடப்பாவி! பட்டத்து யானையை எங்கே ஓட்டிட்டுப் போறாங்க?"

"கொம்பு நுனி உடைஞ்சு பூண் போட்ட யானை, மகாராஜா. பின்னம்னா பின்னம்தானே? பாகன் அழுதான். உத்தரவுன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

ராஜா வாயைத் திறப்பதற்குள், "ஐயோ, மகாராஜா!" என்று ஒரு அலறல். நான்கு தடியன்கள் திவானை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு முற்றத்தைக் கடந்துகொண்டிருந்தார்கள்.

"இது என்ன கூத்து?"

"போன தீபாவளிக்குக் குதிரையிலேர்ந்து விழுந்து திவானுக்கு இடது கை முறிஞ்சதே, மகாராஜா? சபைக்கே தெரியும். எனக்கும் மனசு கேக்கல. ஆனா உத்தரவாச்சே!"

திவான் இடது கையைத் தலைக்கு மேல் வீசிக் காட்டினார்.

"முறிஞ்சா என்ன? கட்டுப் போட்டுக் கூடிடுச்சே! முன்னைவிட உறுதியா இருக்கு, பாருங்க! ஒரு சின்ன விரிசலுக்காக யாராவது முழு ஆளையே தூக்கி வெளியே போடுவாங்களா? எந்த ஊர் நியாயம் இது?"

தான் என்ன சொன்னோம் என்பது திவானுக்குப் புரிவதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"இறக்குங்கப்பா," என்றார் தெய்வச்சிலை. "மூக்குக்கண்ணாடிக் கடை காதர் பாய்கிட்ட இருக்கிற பிசினை ஊத்தினா கார்க் கண்ணாடிக் கீறல் நின்னுடும்னு சவரிமுத்து சொல்றான்; அதுக்காக நான் வாதாடலாம்னு இருந்தேன். திவான் என்னைவிட நல்லாவே வாதாடிட்டார்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தோளில் இருந்த பட்டுச் சால்வையைத் தெய்வச்சிலை மேல் போட்டுவிட்டு, "காதர் பாயைக் கூப்பிடுங்க! சவரிமுத்துவே காரை எடுத்துக்கிட்டுப் போய் அழைச்சிட்டு வரட்டும்," என்றார்.

சிரிப்பு அடங்கியதும் ராஜாவுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"ஆனா ஓய், எதை ஒட்டலாம், எதை மாத்தணும்னு எப்படித்தான் தெரிஞ்சுக்கிறது?"

"சுலபம், மகாராஜா. சில்லு சின்னதா, பார்வையை மறைக்காம ஓரமா இருந்தா ஒட்டிடலாம். கண்ணுக்கு நேரா நின்னு, எதிர்ல என்ன வருதுன்னே தெரியாமப் பண்ணினா மாத்தித்தான் ஆகணும்."

"அப்படி மாத்த வேண்டியது நம்ம அரண்மனையில ஏதாவது இருக்கா?"

"ஒண்ணே ஒண்ணு இருக்கு. காலையில மகாராஜா போட்ட உத்தரவு. அதைக் கொஞ்சம் சீக்கிரமா மாத்தினா நல்லது. யானை இந்நேரம் ஆத்துப் பாலத்தைத் தாண்டியிருக்கும்."