புலியின் காலடி

எழுத்தென்று ஒன்று இன்னும் பிறக்காத காலம் அது. குயத்தி மருதியின் புருஷன் செத்துக் கிடந்தான். புலி அடித்துவிட்டதாக ஊர்த்தலைவன் கோடன் சொன்னான். முதுகில் இருந்த ஈட்டிக் காயத்தை மருதி பார்த்திருந்தாள்.

"புலி அடிச்சுச் செத்தான்னு அவனைப் புதைக்கிற தாழியிலே கீறு. நாமெல்லாம் போன பிறகும் அந்தக் கீறல் பேசணும். இல்லேன்னா புதைக்க விடமாட்டேன், பொணம் நரிக்குத்தான்" என்றான் கோடன்.

"முழுப் புலி எனக்கு வராதுங்க தலைவரே. காலடி போட்டா போதுங்களா?"

"போதும் போதும், சீக்கிரம் முடி."

மருதி அழுதுகொண்டே கீறினாள். புதைகுழியில் ஊரே கூடியது. மாட்டுக்காரன் ஒருத்தன் தாழியின் கீறலை எட்டிப் பார்த்தான்.

"அட, இது நம்ம தலைவர் மாட்டுக்குப் போடுற புலிக்காலடிச் சூடாச்சே! அப்போ இவனைக் கொன்னது..." என்றவன் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டான்.

"அழிடி அதை!" என்று கத்தினான் கோடன்.

"ஏனுங்க தலைவரே? அடிச்சது புலிதானே?" என்றாள் மருதி.

முதல் பிடி மண்ணைத் தலைவன்தான் போடவேண்டும், அதுதான் ஊர் வழக்கம். கோடன் மண் அள்ளக் குனிந்தபோது நாலைந்து பேர் பேசாமல் குறுக்கே வந்து நின்றார்கள். அந்த மண்ணை மருதியே அள்ளிப் போட்டாள்.