மேடைவரை வந்த வாசனை

மடம் எந்த ஊரில் என்று கேட்க வேண்டாம். ஆற்றங்கரையில் ஒரு மடம். அவ்வளவு போதும்.

அதன் மடைப்பள்ளியில் மாசிலாமணி வெகுகாலமாகச் சமைத்துவந்தார். ஐம்பதைத் தாண்டிய ஆள். குரு அவரைவிட இளையவர். அது அவருக்குப் பழகிப்போயிருந்தது. பழகாதது உலகநாதன்.

உலகநாதன் நேற்று வந்தவன். பௌர்ணமிதோறும் முற்றத்தில் நடக்கும் சொற்பொழிவை அவனிடம் கொடுத்துவிட்டார்கள். கூட்டம் வாசல் தாண்டி ஆற்றுப்படிவரை போயிற்று. கேட்டவர்கள் பந்தியில் உட்கார்ந்து, மாசிலாமணி வைத்த குழம்பைப் பிசைந்துகொண்டே உலகநாதனின் பேச்சைப் பற்றிப் பேசினார்கள். குழம்பைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. பேச என்ன இருக்கிறது? நன்றாக இருந்தது.

மாசிலாமணிக்கு வயிறு எரிந்தது. தூணுக்குப் பின்னால் நின்று அவன் பேச்சை ஒரு சொல் விடாமல் கேட்பார். எங்கே நிறுத்துகிறான், எங்கே குரலைத் தாழ்த்துகிறான், எல்லாம் மனப்பாடம். கரண்டியைப் பிடித்துக்கொண்டு அடுப்பிடம் அதே மாதிரி பேசிப் பார்ப்பார். அடுப்பு கைதட்டாது.

ஒருநாள் குருவிடமே போய் நின்றார்.

“அவனுக்கு நாக்கைக் குடுத்தான் ஆண்டவன். எனக்கு என்ன குடுத்தான், சாமி?”

குரு வேட்டி அலசிக்கொண்டிருந்தார். ஈர வேட்டியின் ஒரு முனையை இவர் கையில் கொடுத்தார். இருவரும் முறுக்கிப் பிழிந்தார்கள். கொடியில் போட்ட பிறகுதான் பதில் வந்தது.

“வர்ற பௌர்ணமிக்கு நீர் பேசும். அவன் சமைக்கட்டும்.”

அன்றெல்லாம் மாசிலாமணிக்குத் தரையில் கால் பாவவில்லை.

பௌர்ணமி வந்தது. உலகநாதன் மடைப்பள்ளி வாசலில் வந்து தயங்கி நின்றான். மடத்து வழக்கம் அவனுக்குத் தெரியும். சந்நிதியில் படைக்கும்வரை எதையும் நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது. உப்பும் உறைப்பும் கொதிக்கும் ஆவியை மோந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

“அண்ணே, உப்பு எவ்வளவு, எப்பப் போடணும்னு மட்டும் சொல்லிருங்க.”

“அதெல்லாம் கைக்குத் தெரியும்” என்றார் மாசிலாமணி.

“என் கைக்கு என்னண்ணே தெரியும்? அது மைக்கைத்தானே பிடிச்சிருக்கு.”

இவர் சிரிக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்துக்குப் போனார்.

மேடை ஏறினார். உலகநாதன் நிறுத்தும் இடத்தில் நிறுத்தினார். யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார். கொஞ்சம் சத்தமாகப் பேசச் சொல்லிப் பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள். சத்தத்தைக் கூட்டினார். மெல்ல மெல்ல நாலைந்து பேர் தலையாட்டினார்கள்.

அப்போதுதான் காற்று திரும்பியது.

மடைப்பள்ளி முற்றத்துக்குப் பின்பக்கம். புளிக்குழம்புக்கு முதல் கொதி வந்திருந்தது. மூக்கில் ஏறியதுமே தெரிந்துவிட்டது. உப்பு இல்லை. குறைவு என்றில்லை, அடியோடு இல்லை. பயல் போடவே மறந்திருக்கிறான்.

வாய் பேசிக்கொண்டிருந்தது. மனம் குழம்பில் இருந்தது. இறங்கிப் போய் அள்ளிப் போட்டால் ஆயிற்று. யாரையாவது கூப்பிட்டுச் சொல்லி அனுப்பினாலும் போதும். ஆனால் இறங்கினால் இந்தத் தலையாட்டல் போய்விடும். இறங்காவிட்டால், இன்னும் சற்று நேரத்தில் வந்த கூட்டமெல்லாம் உலகநாதனைத் திட்டும்.

அந்த நினைப்பு வெல்லக்கட்டியாய் இனித்தது. பேச்சை நீட்டினார். படையல் மணி அடித்த பிறகுதான் நிறுத்தினார்.

பந்தியில் முதல் கவளத்திலேயே முகங்கள் சுளித்தன. மாசிலாமணி தூணோரம் நின்று பார்த்தார். உலகநாதனும் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டான். விழித்தான். ஓடிப்போய் உப்புச் சட்டியைத் தூக்கிவந்து, இலை இலையாகக் குனிந்து வைத்துக்கொண்டே போனான்.

“நான் வாயால வாழுறவன், தாயி. என்னை நம்பி அடுப்பைக் குடுத்தாங்க பாருங்க, அவங்களைக் கேளுங்க.”

பந்தி முழுக்கச் சிரித்தது. ஒருவர் அவனைக் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்து, அவன் இலையிலும் உப்பு வைத்தார். அதற்கும் சிரிப்பு. மாசிலாமணி அன்று என்ன பேசினார் என்று ஒருவர் வாயிலும் வரவில்லை.

அவருக்குப் பொறுக்கவில்லை.

குரு கடைசியாகச் சாப்பிட உட்கார்ந்திருந்தார். அதே குழம்புதான். உப்புத் தொட்டுக்கொள்ளவில்லை. மாசிலாமணி எதிரில் உட்கார்ந்து கொட்டித் தீர்த்தார். படையலைக் கெடுத்தவனுக்குக் கொண்டாட்டமா என்றார். காலமெல்லாம் புகையில் வெந்தவனை ஏனென்று கேட்க நாதியில்லை என்றார். குரு தலை நிமிராமல் சாப்பிட்டார்.

“நான் ஒருநாள் இப்படி வச்சிருந்தா விடுவாங்களா, சாமி? மேடையில நிக்கும்போதே எனக்குத் தெரியும். முதல் கொதியிலேயே தெரியும், உப்பே விழலைன்னு.”

குருவின் கை இலையில் நின்றது.

“அங்கிருந்தே தெரிஞ்சுதா?”

“அத்தனை கூட்டத்துல வேற யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரிஞ்சுது.” பெருமையாகத்தான் சொன்னார்.

குரு மிச்சத்தை வழித்து உண்டார். இலையை மடித்தார்.

“அப்ப இன்னைக்கும் சமைச்சது நீர்தான்.”