எட்டுக் கண்ணாடிச் சக்கரம்

கேள்வி கடைசியில்தான் வரும். அதற்குள் யார் பக்கமும் சாய்ந்துவிடாதீர்கள். சாய இங்கே மூன்று பக்கம் இருக்கிறது.

நிலாவைச் சுற்றப்போகும் கலம் ஒன்றுக்குக் கடலோரப் பல்கலைக்கழகம் ஒன்றில் கேமரா செய்தார்கள். அதன் முன்னால் எட்டு நிறக் கண்ணாடிகள் பதித்த சக்கரம். அது சுழன்றால்தான் படம். விண்வெளிக்கு எண்ணெய் சரிவராது என்று அச்சில் ஒரு கரும்பூச்சு பூசியிருந்தார்கள். ஈரக்காற்றில் சுழற்றினால் அது உதிரும்; உதிர்ந்தால் சக்கரம் சிக்கிக்கொள்ளும். நைட்ரஜன் நிரப்பிய பெட்டிக்குள் மட்டுமே சுழற்றலாம் என்று விதி எழுதியவர், சக்கரத்தை வடிவமைத்த கனகசபை.

இசக்கி ஆய்வு மாணவி; சக்கரத்தை இயக்குவதும் அவள்தான். அவளுடைய நான்கு வருட உழைப்பு அந்தப் படங்களை நம்பியே இருந்தது.

அங்கே ஒரு வழக்கம்: பெரிய மனிதர் யார் வந்தாலும் பொன்னாடை, லட்டு, பிறகு சக்கரம். முதலில் ஒரு மந்திரி வந்தபோது திட்டத் தலைவர் செல்வநாயகம், "வெளியே எடுத்துச் சுத்திக் காட்டும்மா" என்றார்.

"கடல்காத்து சார். பூச்சு போயிடும்."

"பத்து சுத்துல போறதுக்கு அது என்ன கல்யாணப்பொண்ணு மேக்கப்பா? பெட்டிக்குள்ள வச்சா மந்திரிக்கு என்ன தெரியும்?"

முன்வரிசையில் கனகசபை லட்டை மென்றபடி கூரையைப் பார்த்தார். இசக்கி சுழற்றினாள். இப்படிப் பதினொரு தடவை. ஒவ்வொரு தடவையும், "திறந்த காற்றில்" என்று பதிவேட்டில் எழுதினாள்.

ஏவுவதற்கு முன், அந்தப் பதிவேட்டைப் படித்துவிட்டே கனகசபை சான்றிதழில் கையெழுத்திட்டார்: "நைட்ரஜனில் மட்டுமே சுழற்றப்பட்டது."

"சார், இது பொய்யில்லையா?" என்றாள் இசக்கி.

"மறுபடி பூச்சு பூச அஞ்சு மாசம். கலம் காத்திருக்காது. உன் ஆய்வும்தான் போயிடும், பரவாயில்லையா?"

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

நிலாவை அடைந்த நான்காம் மாதம், இசக்கி அனுப்பிய கட்டளையில் சக்கரம் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே சிக்கி நின்றது. அதன்பின் வந்த ஒவ்வொரு படத்திலும் பாதி இருட்டு. விசாரணைக் குழு ஒரே வரியில் முடித்தது: "இயக்கியவர் தவறு." அவளுடைய ஆய்வுப் பதிவும் ரத்தானது.

ஆணையிட்டவர் ஒருவர், கையெழுத்திட்டவர் ஒருவர், சுழற்றியவள் ஒருத்தி. சொல்லுங்கள், சக்கரத்தை நிறுத்தியது யார்?

விடை: கனகசபை. செல்வநாயகம் செய்தது திமிர்தான். ஆனால் பதினோராவது விருந்தாளி போன பிறகும், இந்தக் கலத்தைத் தவறவிட்டாவது, பூச்சை மறுபடி பூசியிருக்கலாம். சக்கரம் தரையில் இருந்தவரை எல்லாமே திருத்தக்கூடிய தவறு. திருத்த முடியாததாக ஆக்கியது அந்தக் கையெழுத்து, அதுவும் முழுக்கத் தெரிந்தே. இசக்கிக்குப் பங்கில்லையா? உண்டு. கடைசியில் வாயை மூடியது அவள் குற்றம். அதை அவளே விசாரணைக் குழுவுக்கு எழுதிக் கொடுத்தாள். மற்ற இருவரும் என்ன எழுதிக் கொடுத்தார்கள் என்கிறீர்களா? அவர்களிடம் யாரும் கேட்கவே இல்லை.