புலி புல்லுக் கடை

கோடையில் காடெல்லாம் காய்ந்து கிடந்தது. குளக்கரையில் செம்பி என்ற முயலின் வளையைச் சுற்றி மட்டும் அருகம்புல் பச்சைப்பசேலென்று நின்றது. அதைப் பறித்து, முள் நீக்கி, அலசி, கட்டுக் கட்டாக வைத்து ஒரு கடை போட நினைத்தாள் செம்பி.

அவளுக்கு மூன்று குட்டிகள். கிழங்கு தேடி எங்காவது போனால் அவர்களை யார் பார்ப்பது? கடை என்றால் வளை வாசலிலேயே உட்கார்ந்திருக்கலாம். புல்லுக்கு மாற்றாகக் கிழங்கு வாங்கினால் பிள்ளைகள் வயிறும் நிறையும்.

மேட்டில் வாழ்ந்த நரிதான் அவளுக்கு ஒரே பயம். பக்கத்து வளையில் ஒரு குட்டி காணாமல் போனதிலிருந்து, தன் குட்டிகளை அவள் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடுவதில்லை. காற்று கொண்டுபோய் நரியிடம் சொல்லிவிட்டால்?

பெயர்ப்பலகை செதுக்க மரங்கொத்தி ஒரு மரப்பட்டையோடு வந்தான்.

"என்ன பேருக்கா? இப்பெல்லாம் பெரிய இடத்துப் பேருதான் ஓடுது. எறும்புங்க கடைக்கே 'யானை அரிசி மண்டி'ன்னுதான் செதுக்கினேன்."

செம்பியின் காதுகள் நிமிர்ந்தன. "அப்போ 'புலி புல்லுக் கடை'ன்னு போடு."

"புலி எங்கக்கா புல்லு தின்னுச்சு?"

"தின்னா என்ன, தின்னாட்டி என்ன? நரி அந்தப் பேரைப் பார்த்து ஓடணும். அவ்வளவுதான்."

பலகை ஏறியது. அன்று ஒருவரும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. கட்டி வைத்த புல் வாடியது. வளைக்குள் குட்டிகள் வெறும் புல்லையே தின்று சலித்து, கிழங்கு கேட்டுச் சிணுங்கின.

மூன்றாம் நாள் முதல் ஆளாக வந்து நின்றது நரி.

"தங்கச்சி, முதலாளி இருக்காரா?" என்றது பவ்யமாக.

"எந்த... எந்த முதலாளி?" என்றாள் செம்பி.

"பலகையில இருக்காரே, அவருதான். புலி சாப்பிட்ட மிச்சத்துலதானேம்மா எங்க குலமே வாழுது! நேத்துதான் பலகையைப் பார்த்தேன். எலும்பு, தோல் ஏதாவது கிடக்குதான்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

அந்த நேரம் பார்த்து வளைக்குள் கடைக்குட்டி தும்மினாள். நரி மூக்கைத் தூக்கியது.

"உள்ளே யாரு?"

செம்பி குரலை நிதானமாக்கிக்கொண்டாள். "முதலாளிதான்."

"புலிக்கு இவ்வளவு சின்னத் தும்மலா?"

"ரெண்டு நாளா இரையே சிக்கல அண்ணே. பசியில குரலே உள்ளே போயிடுச்சு. யாராவது தேடி வந்தா நேரா உள்ளே அனுப்புன்னு சொல்லியிருக்காரு. நீங்களாவது வந்தீங்களே, போங்க."

நரி காலைப் பின்னால் எடுத்து வைத்தது. "இல்லம்மா, வீட்டுல ஒரு சின்ன வேலை. முதலாளி சாப்பிட்டதும் சொல்லியனுப்பு, நிதானமா வரேன்." அடுத்த நொடி புழுதிதான் தெரிந்தது.

செம்பி உள்ளே ஓடிக் குட்டிகளை எண்ணிப் பார்த்தாள். யாரை விரட்ட அந்தப் பெயரை வைத்தாளோ, அவனையே அது வாசலுக்கு அழைத்து வந்துவிட்டது. நாளைக்கும் வருவான்.

தூரத்துப் பாறைக்குப் பின்னாலிருந்து முள்ளம்பன்றி எட்டிப் பார்த்தாள். "ஏ செம்பி, உயிரோடதான் இருக்கியா? புலி கடை போட்டிருக்குன்னு நாங்கல்லாம் மலையைச் சுத்திக்கிட்டுத் தண்ணிக்குப் போறோம். கால் வலி தாங்கல."

செம்பிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அவள் கூப்பிட்டதும் மரங்கொத்தி வந்து பலகையைத் திருப்பிப் போட்டான். "இந்தத் தடவை சிங்கமாக்கா?"

அவள் வளையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு வாய்விட்டுச் சொன்னாள்: "குன்றி புல்லுக் கடை."

"குன்றியா? அது யாரு?"

தன் பெயரைக் கேட்டதும், குன்றிமணி போன்ற கண்களோடு கடைக்குட்டி வெளியே குதித்து வந்தாள்.

மறுநாள் முள்ளம்பன்றி கிழங்கோடு வந்தாள். மான்கள் வந்தன. காட்டுப்பன்றி குடும்பத்தோடு வந்தது. காட்டெருமை வந்து நிழலில் படுத்தவர்தான், எழுந்திருக்கவே இல்லை. குன்றி அவர் முதுகிலேறிச் சறுக்கி விளையாடினாள்.

சாயங்காலம் நரி வந்தது. முள்ளைப் பார்த்தது. கோரைப்பல்லைப் பார்த்தது. கொம்பையும் பார்த்தது.

"என்ன வேணும்?" என்றார் காட்டெருமை, கண்ணைத் திறக்காமலே.

"ஒண்ணுமில்லீங்க... வயிறு சரியில்ல. ஒரு கட்டுப் புல்லு."

"அப்போ வரிசையில நில்லு."

நரி வரிசையில் நின்று, புல் வாங்கிக்கொண்டு, வாலைச் சுருட்டியபடி போனது. அன்று செம்பியின் குட்டிகள் மூன்றும் வயிறு நிறையக் கிழங்கு தின்றன.

அடுத்தவர் பெயரைக் காட்டி மிரட்டினால் வேண்டியவர்கள்தான் விலகிப் போவார்கள்; நம் பெயரைச் சொல்லி நாலு பேரைச் சேர்த்துக்கொள்வதே நல்ல காவல்.