மூன்று கை சாயம்

தூத்துக்குடியில் துறைமுகச் சாலைக்குப் பின்னால் உள்ள ஒரு சந்தில் ரெஜினா கிட்டார் செய்துகொண்டிருந்தாள். அவளுக்கு முப்பத்தொரு வயது. அவளிடம் தொழில் கற்க வந்த மாசிலாமணிக்கு ஐம்பத்து மூன்று.

அவர் முப்பது வருடம் கதவுக்கும் கட்டிலுக்கும் பாலிஷ் போட்டவர். வேப்பமரத்தைத் தேக்கு என்று நம்பவைத்துவிடுவார். ஒரு கல்யாண வீட்டில் கிட்டாரைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதிலிருந்து, அதைச் செய்தே பார்த்துவிட வேண்டும் என்று அவருக்குப் பிடித்துக்கொண்டது. வீட்டில் சிரித்தார்கள். அவர் வந்துவிட்டார். அவளை டீச்சர் என்று கூப்பிட்டார். அவள் அவரை அண்ணாச்சி என்றாள்.

எட்டு மாதம் கழித்து முதல் தடவையாக ஒரு கழுத்தை முழுதாக அவர் பொறுப்பில் விட்டாள். வாசிக்கும்போது இடது கை பிடித்து ஓடுமே, கிட்டாரின் அந்த நீண்ட தண்டு. வெளுத்த மேப்பிள் மரம். கைவசம் அந்த ஒரு பலகைதான் இருந்தது. கிட்டார் கேட்டவர் டைட்டஸ், கப்பலில் வேலை பார்ப்பவர். கழுத்தின் நிறத்தைப் பார்த்துவிட்டுத்தான் மற்றதைப் பேசுவேன், பிடிக்காவிட்டால் வேறு இடம் போவேன் என்று சொல்லியிருந்தார். அன்று பதினோரு மணிக்கு வருவதாக ஏற்பாடு.

மாசிலாமணி ஏழு மணிக்கே வந்து கதவைத் திறந்தார். சாயப்பொடியை ஸ்பிரிட்டில் கரைத்து, காப்பித்தூள் நிறத்துக்குக் கொண்டுவந்தார். பழைய வேட்டித் துணியில் தொட்டுப் பூசினார். ஒரு கை, இரண்டாம் கை, மூன்றாம் கை. எங்கும் திட்டு இல்லை, கறை இல்லை. தூர நின்று பார்த்தார். கிட்டே வந்து பார்த்தார். உட்கார முடியவில்லை. எதிர்க் கடையில் டீ குடிக்கப் போனவர் டீயை வாங்கிக்கொண்டு திரும்பி வந்து பார்த்தார்.

ஒன்பதரைக்கு ரெஜினா வந்தாள். கழுத்தை எடுத்துத் திருப்பினாள்.

"இது என்ன மரம், அண்ணாச்சி?"

"மேப்பிள்தானே, டீச்சர்."

"பார்த்தா தெரியலை."

"தெரியாது," என்றார் அவர் பெருமையாக. "எவனாலயும் கண்டுபிடிக்க முடியாது."

அவள் உப்புத்தாளை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"தேய்ச்சு எடுத்திருங்க."

"எங்க?"

"எல்லா இடத்துலயும்."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. தான் போட்ட பூச்சை இதுவரை யாரும் சுரண்டச் சொன்னதில்லை என்றார். ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து ஒரு கையை நுழைத்தும்விட்டார். ரெஜினா கழுத்தை மடியில் வைத்துத் தானே தேய்க்க ஆரம்பித்தாள். அந்தச் சத்தத்தை அவரால் வாசல்வரைகூடத் தாங்க முடியவில்லை. திரும்பி வந்தார். சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உப்புத்தாளை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

பழுப்புத் தூள் அவர் தொடையில் கொட்டியது. இரண்டு கை சாயம் போயிற்று. மூன்றாவதும் போக ஆரம்பித்தது. வெளுப்பு தெரிந்தது. இன்னும் நாலு இழுப்பு இழுத்தவர் நிறுத்தினார்.

குறுக்கே கோடு ஓடியது. அதன் கீழே இன்னொன்று. கடல் உள்வாங்கும்போது மணலில் விட்டுப்போகும் வரிகளைப் போல, நெருக்கமாக, கழுத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை. மற்ற இடமெல்லாம் சாயம் விட்டுப்போயிருந்தது. அந்த வரிகளில் மட்டும் உள்ளே இறங்கிப் பிடித்திருந்தது.

"இது முன்னாடி இல்லையே, டீச்சர்."

ரெஜினா தேன் நிறத்தில் நீர்த்த சாயத்தைத் துணியில் நனைத்து அவரிடம் கொடுத்தாள். அவர் ஒரே இழுப்பாக இழுத்தார். மரம் உள்ளிருந்து ஒளிர்ந்தது போலிருந்தது. சாய்த்தால் வரிகள் நகர்ந்தன. மறுபக்கம் சாய்த்தால் திரும்பி வந்தன.

அவர் பனியனோடு தெருவுக்கு ஓடினார். வெயிலில் கழுத்தைத் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிக் காட்டினார். டீக்கடைக்காரர் கிளாஸோடு வந்தார். சைக்கிளில் போன மீன்காரம்மா காலை ஊன்றி நின்றுவிட்டாள். எங்கே, நானும் பார்க்கிறேன் என்று ஆளுக்கொரு பக்கம் தலையைச் சாய்த்தார்கள்.

அந்தக் கூட்டத்துக்குள்தான் டைட்டஸ் வந்து சேர்ந்தார். கழுத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். உள்ளங்கையை அதன்மேல் ஒருமுறை ஓட்டினார். வேறு எங்கேயும் போகப்போவதில்லை, சீக்கிரம் முடித்துக் கொடுங்கள் என்றார். பிறகு கேட்டார்:

"இந்த வரியெல்லாம் யார் போட்டது?"

முப்பது வருடமாக இந்த மாதிரிக் கேள்விக்கு மாசிலாமணியிடம் ஒரே பதில்தான். வாயைத் திறந்தவர் அதைச் சொல்லவில்லை. பட்டறை வாசலில் நின்ற ரெஜினாவிடம் வந்து, குரலைத் தாழ்த்தினார்.

"டீச்சர், நான் போட்டேன்னு சொல்லவா? மரத்துலயே இருந்துச்சுன்னு சொல்லவா?"

"பூசினது நீங்க," என்றாள் ரெஜினா. "எதை வச்சுக்கிறதுன்னு முடிவு பண்ணினது மரம்."