கீழே தரை இல்லை என்ற கார்ப்பெட்

ஓட்டுநர் இருக்கை அந்தக் கதையைப் பல வருடங்களாகவே முழுதாக நம்பவில்லை. நம்பவில்லை என்று ஒருநாளும் வாய்திறந்து சொன்னதும் இல்லை.

கதையைச் சொன்னது காலடியில் கிடந்த கார்ப்பெட். கோயம்புத்தூரில் ஒரு வீட்டின் பின்பக்கக் கொட்டகையில், இரண்டே பேர் உட்காரக்கூடிய பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று நின்றது. அதற்குள்ளே இருக்கைக்கும் கார்ப்பெட்டுக்கும் முப்பது வருடப் பழக்கம்.

"தம்பி, கீழே தரை இல்லை" என்று கார்ப்பெட் சொல்லும். "துருப்பிடித்து எப்போதோ உதிர்ந்துபோயிற்று. நான் இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பதால்தான் நீ ரோட்டில் விழாமல் இருக்கிறாய்."

இருக்கைக்கு அங்கேதான் இடறியது. அதன் கால்கள் நான்கு போல்ட்டுகள். அவை கார்ப்பெட்டைத் துளைத்துக்கொண்டு கீழே எதையோ கவ்விப் பிடித்திருந்தன. எத்தனையோ வளைவுகளில் கார் சாய்ந்து பாய்ந்தபோதும் அவை இம்மியும் அசைந்ததில்லை. இல்லாத தரையில் கால் எப்படி ஊன்றும்? ஆனால் கார்ப்பெட் மூத்தது. அடியில் கிடப்பது. அதற்குத் தெரியாததா தனக்குத் தெரிந்துவிடப் போகிறது என்று இருக்கை தன்னையே அடக்கிக்கொண்டது.

ஒவ்வொரு ஐப்பசி மழைக்கும் கார்ப்பெட் ஈரமாகிப் புளித்த நாற்றம் அடித்தது. காரின் சொந்தக்காரர் திருமூர்த்திக்கு ஐம்பத்து மூன்று வயது. எதையும் இரண்டு முறை யோசித்து மூன்றாம் முறை பயப்படுகிறவர். நாற்றத்தை முகர்ந்ததும் அவருக்கும் தரை போயிருக்கும் என்றே தோன்றியது. தூக்கிப் பார்க்கவில்லை. ஒரு ரப்பர் மேட்டைப் போட்டு மூடினார். அடுத்த மழைக்கு அந்த மேட்டின் மேல் இன்னொன்று. அதற்கடுத்த மழைக்கு மூன்றாவது. அதன் பிறகு வண்டியை வெளியே எடுப்பதையே விட்டுவிட்டார்.

"ஏனுங்க, ஒருக்கா தூக்கித்தான் பாக்கறது" என்றாள் மனைவி வளர்மதி.

"பாத்தா தெரிஞ்சு போயிருமே."

கடைசியில் வண்டியைப் பிரித்து விற்றுவிடுவது என்று முடிவாயிற்று. எஞ்சின் ஒருவருக்கு, இருக்கைகள் இன்னொருவருக்கு, மிச்சத்தை வெட்டிப் பழைய இரும்புக்கு. அதைக் கேட்ட இருக்கைக்குப் பஞ்செல்லாம் சில்லிட்டது. இனி எந்தச் சாலையும் தனக்கில்லை.

"நான் அப்போதே சொன்னேன்" என்றது கார்ப்பெட். அதன் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, இருக்கைகளைக் கழற்ற திருமூர்த்தி ஸ்பேனரோடு வந்தார். முதல் போல்ட் அசையவில்லை. எண்ணெய் விட்டுக் காத்திருந்தார். ஸ்பேனரின் பிடியில் ஓர் இரும்புக் குழாயைச் செருகி முழு பலத்தையும் கொடுத்துத் திருகினார். அப்போதும் அது முனகிக்கொண்டேதான் வந்தது. நான்கையும் கழற்றி முடித்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இத்தனை நாளா இது எதைப் புடிச்சுட்டு இருந்துச்சு?" என்று தமக்குத் தாமே கேட்டுக்கொண்டார். அவர் தம்மையே கேட்டுக்கொண்ட ஆயிரம் கேள்விகளில் உருப்படியானது அது ஒன்றுதான்.

இருக்கையைத் தூக்கிக் கொட்டகை வாசலில் வைத்தார். மேட்டுகளை உரித்தார். கார்ப்பெட்டை ஓரம் பிடித்துச் சுருட்டினார். அதன் அடியில் தனியாகப் போட்டிருந்த தடித்த பஞ்சு விரிப்பு ஒன்று ஊறிக் கிடந்தது. பிழிந்ததில் அரை வாளி தண்ணீர் வந்தது. முன்கண்ணாடி ரப்பரின் வெடிப்பு வழியே சொட்டியதையெல்லாம் அது குடித்து வைத்திருந்தது. மேலே போட்ட ரப்பர் அதை உலரவிடவே இல்லை.

அதற்கும் கீழே தரை இருந்தது. கறுப்பாக, முழுதாக. பெடலுக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு வடை அகலத்துக்குத் துரு.

திருமூர்த்தி சுத்தியலால் மெல்லத் தட்டினார். டங் என்றது.

"இருக்கிறேன்" என்றது தரை.

"இத்தனை வருடம் ஏன் பேசவில்லை?" வாசலிலிருந்து இருக்கை கேட்டது.

"என்னை யாரும் தட்டவில்லையே."

வண்டியை வாங்க வருவதாக இருந்தவர்களுக்குத் திருமூர்த்தி போன் செய்து வர வேண்டாம் என்றார். அடுத்த வாரம் முழுக்க வேலை. கண்ணாடிக்குப் புது ரப்பர் போட்டார். துருவை உப்புத்தாளால் தேய்த்து ரெட் ஆக்சைடு பூசினார். புதுக் கார்ப்பெட் வாங்கிவந்து கூடத்தில் விரித்து, பழையதை மேலே வைத்து வரைந்து வெட்டினார். ஆனால் பழையதை நிமிர்த்தியும் புதியதைக் கவிழ்த்தும் வைத்துவிட்டார். பெடலுக்காக விட்ட வெட்டு கதவுப்பக்கம் போய் நின்றது.

வளர்மதி சிரித்து ஓயவில்லை. "தினம் ரவிக்கை வெட்டறவளை ஊட்டுலயே வெச்சுக்கிட்டு இதென்னங்க கூத்து" என்று கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டாள். இரண்டாவது துண்டு காருக்குள் கச்சிதமாகப் பொருந்தியது. பழைய போல்ட் துளைகளைக் கண்டுபிடிக்க அவர் காருக்கு அடியில் படுத்துக் குத்தூசியால் மேலே குத்தினார். ஊசி முனை கார்ப்பெட்டைத் துளைத்துக்கொண்டு எட்டிப்பார்த்த இடத்தில் அவள் சாக்பீஸால் வட்டம் போட்டாள். நான்கு வட்டம். இருக்கைக்கு மூச்சு வந்தது.

பழைய கார்ப்பெட் மதில்மேல் வெயிலில் கிடந்தது. பக்கத்திலேயே அந்தப் பஞ்சு விரிப்பும் காய்ந்து சுருங்கிக் கிடந்தது.

"இந்தப் புது ஆள் எத்தனை நாளைக்கு உன்னைப் பிடித்துக்கொண்டிருப்பானோ" என்றது கார்ப்பெட். கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கவலைப்பட்டது.

இருக்கைக்குக் கோபம் வரவில்லை. கால் நான்கும் தனக்குச் சொல்லிக்கொண்டேதான் இருந்தன. கேட்காமல் இருந்தது யார் தவறு? திருமூர்த்தியும் வளர்மதியும் தன்னை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கியபோது, இத்தனை வருடம் கேட்காததை அது கேட்டது.

"அண்ணே, நடுவில்தான் இந்தப் பஞ்சு கிடந்திருக்கிறதே. உன் உடம்பு ஒருநாளாவது தரையில் பட்டிருக்கிறதா?"